குளத்துக் கணக்கில் புகை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. ஆண்டவன் அருளால் நானும் உன் அத்தானும் சௌக்கியம். நீ பாடுபட்டு மீட்டெடுத்த சதுப்புக் குளம்தான் சௌக்கியமில்லை என்று ஊர் பேசுகிறது.

பயிற்சிக்குக் கிளம்புமுன் நீ சொல்லிக்கொடுத்தபடியே, வயல்களிலிருந்து வரும் உரத்தண்ணீரைக் குளத்துக்குள் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் சோதித்து வருகிறேன். வரவில் இருக்கும் நைட்ரஜனில் பாதிகூடச் செலவில் இல்லை. மீதியைச் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் தின்று காற்றில் விட்டுவிடுகின்றன. அதுவரை புண்ணியம். ஆனால் அதில் ஒரு பங்கு பூமியைச் சூடாக்கும் சிரிப்பு வாயுவாகப் போகிறது என்று, சேற்றின்மேல் நீ பொருத்திய, வாயு அளக்கும் மூடிபோட்ட பெட்டி காட்டுகிறது, அதுவும் நாளுக்கு நாள் ஏறுகிறது. நகராட்சி மேற்பார்வையாளர் வந்து பார்த்தார். பெயர்தான் சிரிப்பு வாயு, மனிதர் சிரிக்கவே இல்லை. "இப்படியே போனா வெள்ளிக்கிழமை கூட்டத்துல குளத்தை மூடிட்டு, வண்டி நிறுத்த விட்டுடுவோம்மா" என்றார். "மூடித்தான் பாருங்களேன்" என்று நானும் சொல்லிவிட்டேன்.

வாயு இறங்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு, காலையில் பெட்டியை மூடுமுன் பக்கத்திலேயே ஓர் ஊதுவத்தி ஏற்றினேன். இறங்கவில்லை. இரண்டாக்கினேன். ஏறிற்று. பக்தி போதவில்லை போலும் என்று ஒரு கட்டு ஊதுவத்தியையே செருகிவிட்டுப் பார்த்தால், பெட்டிக்குள் புகைமூட்டம்! எது எரிந்தாலும் அந்த வாயு கொஞ்சம் வரும் என்று நீ சொன்னது அப்போதுதான் உறைத்தது, என் பக்தியையெல்லாம் குளத்தின் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். இனி ஊதுவத்தி வீட்டுக்குள்தான். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து, "புகை என்னோடது, குளத்தை விட்டுடுங்க" என்று சொல்லப்போகிறேன். யார் சிரித்தாலும் சரி.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளும், நம் குளத்துக்கு அதைவிட நீண்ட ஆயுளும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: மேலே என் குற்றம் என்று எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. இன்று ஊதுவத்தி ஏற்றவில்லை. ஆனாலும் வாயு இறங்கவில்லை. நாணலை விலக்கிப் பார்த்தால், சிகரெட்டை விட்டு வருஷக்கணக்காயிற்று என்று சத்தியம் செய்த உன் அத்தான், பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி ஊதிக்கொண்டிருக்கிறார்! "காத்து வாங்க வந்தேன்மா" என்றார். "வாங்கினது இருக்கட்டும், விட்டதுக்குக் கணக்குச் சொல்லுங்க" என்று இழுத்து வந்துவிட்டேன். பிறகு பெட்டியை மூடிப் பார்த்தேன். வாயு பாதிக்கும் கீழே. கூட்டத்தில் நான் பேசப்போவதில்லை. அவர் பேசுவார்.