கஞ்சி போட்ட பனிக்கோட்டு

பூட்ஸுக்குள் விட்ட கையை மாதேஷ் வெளியே எடுத்தபோது விரலெல்லாம் வெள்ளையாக இருந்தது. மோந்து பார்த்தான். பூசணம்.

"புஷ்பா, போச்சு! நம்ம பொழப்பே போச்சு!"

புஷ்பலதா வந்து எட்டிப் பார்த்தாள். "அட, இன்னும் ரெண்டு நாள் உட்டா காளான் மொளைக்கும். கொழம்பு வெச்சுரலாம்."

"வாய மூடு. ஊட்டக் காலி பண்ணோணும்னா தெரியும்."

மலைமேல் தலைச்சோலை ரோட்டில் ஜீவானந்தம் முதலாளியின் பங்களாவுக்கு மாதேஷ்தான் காவல். பின்னால் தகரம் போட்ட ரெண்டு ரூம் அவனுக்கு. அங்கிருந்து மகள் கீர்த்திகாவுக்குப் பள்ளிக்கூடம் நடை தூரம். பத்தாவது படிக்கிறாள். வேலை போனால் சொந்த ஊரான மாரமங்கலத்துக்குத்தான் திரும்ப வேண்டும். அங்கே பஸ்ஸை நம்பித்தான் படிப்பு, பஸ்ஸோ யாரையும் நம்பி வருவதில்லை.

முதலாளி தன் மகள் நந்தினியை டில்லியில் கட்டிக்கொடுத்திருந்தார். சம்பந்தி வருஷா வருஷம் காஷ்மீருக்குப் போய்ப் பனியில் சறுக்குகிறவர். கல்யாணப் பந்தியில் முதலாளி சும்மா இல்லாமல், "நானும் வெளிநாட்டுல படிக்கறப்ப சறுக்குனவன்தான்" என்று சொல்லிவைத்தார். சம்பந்தி சந்தோஷப்பட்டு ஆளுயரப் பலகை ரெண்டு, கல்லாட்டம் கனக்கும் பூட்ஸ், மஞ்சள் கோட்டு எல்லாம் வாங்கி அனுப்பிவிட்டார். கூடவே தை மாசம் காஷ்மீருக்குப் போக டிக்கெட்டும்.

"சேலத்து வெயில் இதுக்கு ஆகாது. மலைலயே இருக்கட்டும்" என்று ஐப்பசியில் முதலாளி கொண்டுவந்து இறக்கினார். "மாதேஷு, ஸ்டோர் ரூம்ல வை."

"அது ஒழுகுதுங்களே?"

"பனில போற சாமான்யா. தண்ணிக்குப் பயப்படுமா?"

தீபாவளிக்கு வந்திருந்த மகள் நந்தினி பக்கத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டுக் குரலை உயர்த்தினார். "ஒரு கீறல் உழுந்துச்சு, நீ ஊட்டக் காலி பண்ணிரோணும்!"

அதற்குப் பிறகு தினமும் போன்.

"மாதேஷு, மழை எப்படி?"

"நொம்ப ஊத்துதுங்க."

"பலகைக்கு... ஏதாச்சும் ஆச்சா?"

"ஒண்ணும் ஆகலீங்க. வந்தாப்புலயே இருக்குதுங்க."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்கும். "செரி. ஸ்டோர் ரூம்லயேதான வெச்சிருக்கே?"

எவ்வளவு கவலை பாரு என்று மாதேஷுக்கு மனசு உருகும்.

பூட்ஸைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினான். பூசணம் போயிற்று, ஈரம் போகவில்லை. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டான். மூணு நாளில் ஈரம் பாதி போயிற்று, புகை முழுசாக ஏறிக்கொண்டது. மூக்கை மூடிக்கொண்டு பார்த்தால் பூட்ஸ். கண்ணை மூடிக்கொண்டு மோந்தால் கருவாடு.

கீர்த்திகா செல்போனில் தேடிப் படித்தாள். "அப்பா, பலகைக்கு ரெண்டு ஓரத்துலயும் இரும்பு இருக்குமாம். துருப் புடிச்சா தீட்டணுமாம். அடியில வாக்ஸ் தேய்க்கணுமாம்."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன கண்ணு?"

ஒன்பது வயசில் அரிவாள் பிடித்த கை அது. தீட்டு என்றால் தீட்டிவிடும். சாணைக்கல்லில் வைத்து ஒரு மத்தியானம் பூராவும் தீட்டினான். முடித்துச் சுவரில் சாய்த்தபோது பலகை கொடிக்கயிற்றில் லேசாக உரசியது. கயிறு அறுந்து, காயப்போட்ட துணி மொத்தமும் சேற்றில் விழுந்தது.

வாக்ஸ் என்றால் அவனுக்குத் தெரிந்தது பங்களாத் தரைக்குப் போடுகிற சிவப்பு வாக்ஸ். குளிர் தாங்காமல் மஞ்சள் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து தேய்த்தான். விறகுச் சுமையோடு அந்த வழியாகப் போன கிழவி அத்தாயி நின்றாள்.

"ஏஞ் சாமி, என்னது இது?"

"ஸ்கீ."

"எந்த ஸ்கீமுலப்பா? எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு. ஆதார் கார்டு கொண்டாறட்டுமா?"

அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டுக் குனிந்தால் கோட்டின் மார்பெல்லாம் சிவப்பு. குத்துப்பட்டவன் மாதிரி இருந்தான்.

புஷ்பலதா கோட்டை வாங்கிப் போய் சோப்புப் போட்டு, பிரஷ் போட்டு, கல்லில் ரெண்டு அடியும் போட்டாள். கறை போயிற்று. முதலாளி உடுப்பு எதுவானாலும் கடைசியில் அவள் செய்கிற வேலையையும் செய்தாள். கஞ்சி போட்டாள்.

காய்ந்த கோட்டைக் கொடியிலிருந்து எடுத்து வாசலில் வைத்தாள். அது தானாக நின்றது. ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு, தலையில்லாமல் நின்றது. நாய் அதைப் பார்த்துக் குரைத்துப் பின்வாங்கியது.

அன்றைக்குத்தான் போன் வந்தது. "சனிக்கெழம வர்றேன், மாதேஷு. சாமானெல்லாம்..."

"புதுசாட்டம் இருக்குதுங்க!" வாய் தானாகச் சொல்லிவிட்டது.

இன்னும் மூணு நாள். வேறு வழியில்லாமல் சாமானைத் தூக்கிக்கொண்டு பக்கத்து பங்களா வாட்ச்மேன் கிறிஸ்துதாஸிடம் போனான். மிலிட்டரியில் இருந்து வந்தவர், பனி எல்லையில் ஏழு வருஷம். மாதேஷுக்கு அவரைக் கண்டால் ஆகாது. அவர் பங்களாவில் பூந்தொட்டிகூட அட்டென்ஷனில் நிற்கும்.

"எங்க மொதலாளி இத்தன பேரு இருந்தும் என்னைய நம்பித்தான் குடுத்தாருங்க" என்று அழாக்குறையாகச் சொன்னான்.

கிறிஸ்துதாஸ் கோட்டைத் தட்டிப் பார்த்தார். கதவு மாதிரி சத்தம் வந்தது. "கஞ்சியா?"

"ஆமாங்க."

"பார்டர்ல எதிரிகூட எங்க கோட்ட இப்படிப் பண்ணலியேப்பா."

ஆனால் வேலை தெரிந்தவர். பூட்ஸுக்குள்ளிருந்து மெத்தென்று இன்னொரு பூட்ஸை உருவினார். "அடக் கடவுளே, பூட்ஸுக்குள்ள பூட்ஸா!" என்று மாதேஷ் வாய் பிளந்தான். பேப்பரைத் திணித்துக் காற்றில் வைத்தார். சிவப்பு வாக்ஸை மண்ணெண்ணெய் தொட்டு எடுத்தார். இஸ்திரிப்பெட்டியில் வெள்ளை மெழுகை உருக்கிப் பலகையில் ஒழுகவிட்டு, தேய்த்து, ஆறியதும் ஸ்கேலால் வழித்தார். அரிவாளாகியிருந்த ஓரத்தை அரம் போட்டு அடக்கினார். கோட்டை வெதுவெதுத் தண்ணீரில் ஏழு தரம் அலசி நிழலில் போட்டார். மூணாம் நாள் எல்லாம் கடையில் வைத்தது போல இருந்தது.

சனிக்கிழமை காலை கார் வந்தது. முதலாளியும் டிரைவர் பிரகாஷும் மட்டும். முதலாளி சிரித்த முகமாக இறங்கி, மாதேஷின் தோளில் கை போட்டார்.

"பயப்படாமக் காட்டு மாதேஷு. என்ன ஆயிருந்தாலும் திட்ட மாட்டேன்."

மாதேஷ் கதவைத் திறந்தான். முதலாளியின் சிரிப்பு நின்றது. பலகையில் விரலை வைத்தார். வழுக்கிக்கொண்டு போனது.

"பூசணம்?"

"ஒரு பொட்டு இல்லீங்க."

"துரு?"

"மொகம் பாத்துத் தலை சீவலாமுங்க."

"எலி? எலிகூடவாய்யா கடிக்கல?"

"கிட்ட உடுவனுங்களா?"

முதலாளி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க மொதலாளி, ஊட்டக் காலி பண்ணோணுங்களா?"

"நீ எதுக்குய்யா போற? நீ இங்கயே இரு. போறது நான்தான்." தள்ளாடிக்கொண்டே போய்க் காரில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

பலகையைக் காரின் மேலே கட்டிக்கொண்டிருந்த பிரகாஷிடம் மாதேஷ் கிசுகிசுத்தான். "ஏனுங்க, நான் என்ன தப்புப் பண்ணுனேன்? இத்தன பேருல என்னைய நம்பிக் குடுத்தாரேன்னு உசுரக் குடுத்துப் பாத்தேனுங்களே!"

பிரகாஷ் முடிச்சை இறுக்கினான். "அண்ணா, அவரு ஆயுசுக்கும் சறுக்குனது பாத்ரூம்ல மட்டுந்தானுங்க. கிறிஸ்துதாஸண்ணன்கிட்டக் குடுக்கலாம்னு நான் அன்னிக்கே சொன்னதுக்கு, 'வேண்டாம்டா, அந்தாளு நல்லா வெச்சிருப்பான், மாதேஷுகிட்டக் குடு'ன்னாரு."