தாயாரின் எடை நானூறு கிலோ

எனக்கு இங்கிலீஷ் வரும் என்பதை நாலு பேருக்குக் காட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இந்த வியாதி என் கல்யாணத்தையே காவு வாங்கப் பார்த்தது.

ரேவதியும் நானும் தாம்பரத்தில் ஒரே ஆபீஸ். எங்கள் காதல் தெரிந்ததும் அவள் அப்பா, "பையன் கூட ஒரு நாள் வெளியே போய்ட்டு வரணும். ஆள் எப்பிடின்னு பாத்துட்டுத்தான் சரின்னு சொல்லுவேன்" என்றுவிட்டார். சனிக்கிழமை தவறாமல் திருநீர்மலை ஏறுகிறவர். சாமி சிலைகளைக் காட்டினால் உருகிவிடுவார் என்று கணக்குப் போட்டு, மூவருமாக ரயிலேறி ஒரு மியூசியத்துக்குப் போனோம். (கணக்கில் நான் எப்போதுமே வீக்.)

அங்கே வாசலில் இருக்கும் க்யூஆர் கோடை நம் போனிலேயே ஸ்கேன் பண்ணி, சிலைக்குப் பக்கத்தில் இருக்கும் நம்பரைத் தட்டினால் விளக்கம் காதில் கேட்கும். அதுவும் இங்கிலீஷில் மட்டும். அடடா, பழம் நழுவிப் பாலில் விழுந்தது!

"நான் கேட்டு, தமிழ்ல சொல்றேன் அங்கிள்" என்று இயர்போனை மாட்டினேன். எதிரே வெண்கலத் தாயார். நம்பரைத் தட்டிவிட்டு, பக்தியோடு கண்ணையும் மூடிக்கொண்டேன். காதில் ஒரு பெண் குரல் 'ஷி, ஷி' என்றது. தாயாராயிற்றே, நான் மரியாதையாகவே மொழிபெயர்த்தேன்.

"அவங்க ரொம்ப சாது. கடல்ல இருக்காங்க."

"பாற்கடல்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"புல்லு மட்டும்தான் சாப்பிடுவாங்க."

"புல்லா?"

"எடை நானூறு கிலோ."

"இன்னா தம்பி, சிலையோட வெயிட்டா?"

"இல்ல அங்கிள், அவங்களோடது. மூச்சு விட அப்பப்ப மேல வருவாங்க. கறிக்காக இவங்கள வேட்டையாடுறாங்களாம்."

"டேய்!"

ஹாலே திரும்பிப் பார்த்தது. ரேவதி என் போனைப் பிடுங்கினாள். "லூசு! பதினாறுக்குப் பதிலா அறுபத்தொண்ணு போட்டிருக்க. இது அடுத்த ஹால்ல இருக்கிற கடல் பசு!"

போச்சு, எல்லாம் போச்சு. தனியாக ரயிலேறித் தாம்பரம் திரும்புகிற காட்சி கண்முன் வந்தது. அழுகையே வந்துவிட்டது. அவரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சரிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"கடல் மாட்டையே 'அவங்க, இவங்க'ன்றாம்மா! இவன் உன்னை நல்லா வச்சுப்பான். கட்டிக்கோ."

கட்டிக்கொண்டாள். அதன் பலனை இன்றுவரை அனுபவிக்கிறேன். சண்டையில் வாய் தவறி ஒரு 'வாடி, போடி' வந்துவிட்டால் போதும், உடனே அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிடுவாள். அந்தப் பக்கத்திலிருந்து மாமனார் கேட்பார்:

"இன்னா மாப்ளே, மாட்டுக்குக் குடுத்த மரியாத எம்பொண்ணுக்கு இல்லியா?"