மெத்தில் கோட்டை முற்றுகை

நிலக்கரித் தூசியும் நெத்திலிக் கருவாட்டு மணமும் ஊட்டி வளர்த்த திருவொற்றியூர்த் திருமகனே, பவானியம்மாள் பெற்ற பார்புகழ் ரகுபதியே, நாலாண்டு ஆராய்ந்தும் நாலு வரி முடிவு காணாத நல்லோனே, நீ வாழ்க!

அவ்வீரனை எதிர்த்து நின்றவை ஆய்வுக்கூடத் தட்டில் கொழுப்பாவதா எலும்பாவதா என்று தீர்மானிக்காமல் சோம்பிக் கிடந்த ஸ்டெம் செல்கள். ஒவ்வொன்றின் உட்கருவிலும், விசைப்படகு உருளையில் சுற்றிய வடம்போல மரபிழை சுருண்டிருந்தது. அதில் ‘எலும்பாகு’ என்னும் ஆணை தாங்கிய மரபணுவும் இருந்தது, இருந்தென்ன? மெத்தில் என்னும் வேதிப் பொடிப்பயல் முத்திரை குத்தி அதன் வாயை அடைத்திருந்தான். ஆணையில் ஓர் எழுத்தும் மாறவில்லை, படிக்கத்தான் விடவில்லை.

அம்முத்திரையைப் பெயர்க்கும் மருந்தொன்று ரகுபதியின் கையிலிருந்தது. இரண்டு தட்டுகளில் ஒன்றுக்கு உணவோடு மருந்து, மற்றதற்கு ஒப்பிட்டுப் பார்க்க வெறும் உணவு. மருந்துண்ட தட்டு மட்டும் எலும்பாகிச் சாயத்தில் சிவந்தால் வெற்றி. இல்லையேல் ஆராய்ச்சி பக்கத்து மேசை ஷாஸியாவிடம் போகும் என்று பேராசிரியை ஜெயஸ்ரீ சொல்லிவிட்டார்.

ஆயினும் அஞ்சினானா? கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி மறிக்க, எண்ணூர்ச் சாலையில் கண்டெய்னர் லாரிப் படை நெருக்க, பிப்பெட் என்னும் கூர்வேல் ஏந்தி, ஒருநாள் விட்டு ஒருநாள் அச்செல்களுக்கு அமுதூட்டினான். பொங்கலன்றும் கிளம்பினான்.

“பெத்தவ வெச்ச பொங்கல ஒரு வாய் துன்ன நேரமில்ல, தட்டுக்குச் சோறூட்டப் போய்கினு கீறான்!” என்று பவானியம்மாள் தெருவறியப் பறைசாற்றினாள்.

மூன்றாம் வாரம் இரண்டு தட்டிலும் சாயம் ஊற்றினான். ஆகா! குருதிக்களமெனச் சிவந்தது மருந்துத் தட்டு! “எலும்பு வந்துச்சி மேடம்! வந்தேபுட்சி!” என்று கூடம் கிடுகிடுக்க முழங்கினான்.

ஜெயஸ்ரீ ஓடி வந்தார், பார்த்தார், பூரித்தார். பிறகு வெறும் உணவுத் தட்டைத் தூக்கினார். அதுவும் அதே சிவப்பு.

“ரகுபதி, இதுக்கும் மருந்து ஊத்துனியா?”

வீரன் தலை கவிழ்ந்தது. ஒரு பிள்ளைக்கு வஞ்சிரம் வைத்து இன்னொரு பிள்ளையை வேடிக்கை பார்க்கவிடாத வீட்டில் வளர்ந்தவன்.

“ஒவ்வொரு வாட்டியும் கொஞ்சம் மிச்சமாச்சி மேடம். அது மட்டும் பாத்துகினு கெடந்துச்சா, மனசு கேக்கல.”

திங்கட்கிழமையிலிருந்து அந்த வேலையை ஷாஸியா பார்க்கிறாள்.