காத்திருப்போர் பிரதிநிதி

'நான் இல்லாவிட்டால் இந்தக் கவுண்டியே நின்றுபோகும்' என்று வெர்னா டால்க்விஸ்ட் நினைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. பெருமையடிப்பது கெட்ட பழக்கம் என்று அம்மா சொல்லி வளர்த்திருக்கிறாள். ஆனால் பனிக்காலத்தில் ஒருநாள் அவளுடைய பேருந்து இருபது நிமிடம் தாமதமானபோது, கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய பதினான்கு பேர், காப்பி ஆறிப்போக, கூட்டத்தைத் தொடங்காமல் உட்கார்ந்திருந்ததை அவளே கண்ணால் பார்த்திருக்கிறாள். அவள் வந்து நாற்காலியில் அமர்ந்த பிறகுதான் தலைவர் மேசையைத் தட்டினார். அப்படிப்பட்டவளை வேறு என்னவென்று சொல்வது?

அவள் நினைத்ததில் மிகை எதுவும் இல்லை. நெட்டில் ஏரிக் கவுண்டி என்ற அந்த அமெரிக்க மாவட்டத்தின் 'வளர்ச்சிக் குறைபாடுள்ளோர் வசிப்பிட வாய்ப்புகள் கூட்டுத் திட்டமிடல் குழு'வுக்கு மூச்சே அவள்தான். கவுண்டி அலுவலகமும் 'அகன்ற வாசல்' என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் அந்தக் குழுவுக்கு விதிகள் பல. அவற்றில் மிக உன்னதமானது ஏழாவது விதி. உறுப்பினர்களில் ஒருவராவது வீட்டுக்காகப் பட்டியலில் காத்திருப்பவராக இருக்க வேண்டும். அவர் இல்லாமல் கூடும் கூட்டம் செல்லாது. செல்லாத கூட்டம் போடும் குழுவுக்கு மாநில அரசின் உதவி கிடையாது. சம்பந்தப்பட்டவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் அவருக்காக எதையும் தீர்மானிக்கக் கூடாது என்ற உயர்ந்த எண்ணத்தில் எழுதப்பட்ட விதி அது.

வெர்னாவுக்கு நாற்பத்து நான்கு வயது. பட்டியலில் சேர்ந்து பதினேழு ஆண்டு, குழுவில் சேர்ந்து பதினோரு ஆண்டு ஆகியிருந்தன. இத்தனை காலத்தில் அவள் ஒரு கூட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லை. ஒரு வீட்டையும் பெற்றதில்லை. இரண்டு தகுதியும் ஒருசேர அமைந்த ஆள் கிடைப்பது அபூர்வம்.

குழு சும்மா இருந்தது என்று யாரும் மனசாட்சியோடு சொல்ல முடியாது. முதல் மூன்று ஆண்டுகள் 'வீடு' என்ற சொல் போதுமா என்று ஆராய்ந்தார்கள். போதாது என்று தெரிந்ததும் 'வசிப்பிட வாய்ப்பு' என்று மாற்றி, அந்த மாற்றத்தை ஒரு விருந்து வைத்து வெளியிட்டார்கள். பிறகு, பக்கத்து மாநிலத்தில் இப்படிப்பட்டவர்கள் குடியிருக்கும் வீடுகளைப் பார்த்துவரப் பன்னிரண்டு பேர் போனார்கள். வேனில் இடமில்லாததால் வெர்னாவை அழைத்துப் போகவில்லை. திரும்பி வந்தவர்கள், அங்கே வீடுகள் இருக்கின்றன என்பதை நாற்பது பக்கத்தில் எழுதினார்கள்.

ஆண்டுதோறும் வசந்தத்தில் 'செவிமடுக்கும் நாள்' வரும். சுவர் நெடுகப் பெரிய தாள்களை ஒட்டி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு விருப்பத்தை எழுதிவைப்பார்கள். வருகிறவர் கையில் வண்ண வண்ணமாக மூன்று வட்ட ஸ்டிக்கர் கொடுப்பார்கள். யாருக்கு எது வேண்டுமோ அதன் கீழே ஒட்ட வேண்டும். வெர்னா எல்லா ஆண்டும் தன் மூன்று ஸ்டிக்கரையும் 'உள்ளிருந்து பூட்டிக்கொள்ளும் கதவு' என்பதன் கீழேயே ஒட்டினாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குச் சட்டென்று சொல்ல வந்திருக்காது. பிறந்ததிலிருந்து, குளிக்கும்போதுகூட யாராவது கதவைத் தட்டி 'ஆச்சா?' என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தட்டினாலும் திறக்காமல் உள்ளே பேசாமல் இருக்க முடிந்தால் அது எப்படி இருக்கும் என்று அவள் யோசிப்பதுண்டு. அப்படி யோசிக்கும்போது அவளுக்குக் கோபம் வராது. பசி போல ஓர் ஆசை வரும், அவ்வளவுதான்.

குழு அமர்த்திய ஆலோசகர் அந்த ஸ்டிக்கர்களை எண்ணி, 'பங்கேற்பாளர்கள் பாதுகாப்பை விரும்புகிறார்கள்' என்று கண்டறிந்தார். அதன்படி அடுத்த ஆண்டு மாதிரி வீட்டின் வரைபடத்தில் எல்லாக் கதவுகளும் வெளியிலிருந்து திறக்கும்படி திருத்தப்பட்டன.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பணியில் ஒரு விபத்து நேர்ந்தது. வீடுகள் கட்டப்பட்டுவிட்டன.

டிராக்டர் விற்று ஓய்ந்த ஒரு பெரியவர், சாகும்போது தன் கடை இருந்த மனையைக் குழுவின் பெயருக்கு எழுதிவைத்தார். இரண்டு ஆண்டுக்குள் அங்கே நான்கு குடியிருப்பாவது எழும்பாவிட்டால் மனை நாய்கள் காப்பகத்துக்குப் போய்விட வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் சேர்த்திருந்தார். குழுவைப் பற்றி அவரிடம் யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். நாய்களிடம் தோற்க மனமில்லாமல் நான்கு வீடுகளைக் கட்டிமுடித்தார்கள். ஆராய்ச்சிக்கு நேரம் இல்லாததால் அவை சாதாரண வீடுகளைப் போலவே அமைந்துவிட்டன. அந்தக் குறையை ஆண்டறிக்கையில் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார்கள்.

பட்டியலில் மூன்றாவது பெயர் வெர்னாவுடையது.

கடிதம் வந்த அன்று அவளுடைய அம்மா ஆர்லிஸ் அதை மூன்று முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஆர்லிஸுக்கு எழுபத்தொன்பது வயது. ஒருமுறை இடுப்பு முறிந்து கூடிய உடம்பு. செப்டம்பர் கடைசியில் அவள் முதியோர் இல்லத்துக்குப் போகிறாள். இருவரும் இருந்த வீட்டை விற்றாயிற்று. முதியோர் இல்லத்தில் மகளுக்கு இடமில்லை. புது வீடு அமையாவிட்டால் வெர்னாவுக்காகக் கவுண்டி வைத்திருந்த இடம் தொண்ணூறு மைல் தள்ளி இருந்தது. அங்கே ஓர் அறைக்கு மூன்று கட்டில். பேக்கரியில் ரொட்டிப் பைகளுக்கு லேபிள் ஒட்டும் வேலை போய்விடும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க வர அங்கிருந்து பேருந்து கிடையாது.

மறுநாளே 'அகன்ற வாசல்' இயக்குநர் கிரெட்சன் போமன் ஒரு தட்டு நிறைய எலுமிச்சைக் கேக்கோடு வந்துவிட்டாள். வாழ்த்தினாள், கட்டிக்கொண்டாள், கண் கலங்கினாள். அப்புறம், வெர்னா எதிரிலேயே உட்கார்ந்திருக்க, ஆர்லிஸின் பக்கம் திரும்பிப் பேசினாள்.

"அவளுக்கு வீடு வந்ததுல எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்னு சொல்லி முடியாது ஆர்லிஸ். ஆனா ஒண்ணு பாருங்க. வீடு வந்துட்டா அவ காத்திருக்கறவ இல்லையே."

"அதுக்காகத்தானே காத்திருந்தா."

"ஒருத்தரோட கோணத்துல பாத்தா அப்படித்தான் தோணும்" என்று கிரெட்சன் பொறுமையாக ஒத்துக்கொண்டாள்.

அவள் விளக்கியது இதுதான். இரண்டாவது பத்தாண்டுத் திட்டத்தை அடுத்த மாதம் மாநிலத்துக்கு அனுப்பியாக வேண்டும். வெர்னா வீட்டுக்குப் போய்விட்டால் ஏழாவது விதி உடைந்துவிடும். குழு கலைந்துவிடும். திட்டம் நின்றுவிடும். பட்டியலில் இன்னும் அறுபத்திரண்டு பேர் இருக்கிறார்களே, அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைக்கலாமே என்று ஆர்லிஸ் கேட்டாள். கிரெட்சன் பெருமூச்சு விட்டாள். பாதிப் பேருக்குக் கூட்டத்துக்கு வந்துபோக வண்டி இல்லை. அதை ஆராய ஒரு துணைக்குழு ஏழாவது ஆண்டாக இயங்கிவருகிறது. லீலண்டு என்று ஐம்பது வயதுக்காரர் ஒருவர் மட்டும் வரத் தயாராக இருக்கிறார்.

"நல்ல பையன்தான்" என்றாள் கிரெட்சன். "ஆனா கேள்வி கேக்கறான்."

"நான் கேட்டதில்லையா?" என்றாள் வெர்னா.

கிரெட்சன் அப்போதுதான் அவளைப் பார்த்தாள். "நீ தங்கம், கண்ணு" என்று கன்னத்தைத் தட்டினாள்.

அவள் போன பிறகு வெர்னா அந்த வார்த்தையை நெடுநேரம் மனசுக்குள் புரட்டிக்கொண்டிருந்தாள். பாராட்டுத்தான், சந்தேகமில்லை. ஆனால் ஸ்வெட்டரின் உட்புறம் தைத்திருக்கும் துணிச்சீட்டு மாதிரி அது கழுத்தில் எங்கோ அறுத்துக்கொண்டே இருந்தது. கேக்கை அம்மாவும் மகளும் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கவுண்டிக் கட்டடத்தின் அடித்தளத்தில் குழு கூடியது. மேசை நடுவில் வெர்னாவின் பெயர் எழுதிய இன்னொரு கேக். தலைவர் கர்ட் ஹெல்கசன், கவுண்டியின் திட்ட அதிகாரி, எழுந்து நின்று தீர்மானத்தை வாசித்தார். காத்திருப்பதில் வெர்னா டால்க்விஸ்ட் அவர்கள் காட்டிய ஈடு இணையற்ற விடாமுயற்சியையும், அத்துறையில் அவர்கள் பெற்றுள்ள நீண்ட அனுபவத்தையும் கருத்தில் கொண்டு, 'மூத்த காத்திருப்போர் பிரதிநிதி' என்ற கௌரவத்தைக் குழு அவர்களுக்கு வழங்குகிறது. அவர்கள் தமக்கு ஒதுக்கப்பட்ட வீட்டைச் 'சுயவிருப்பத்தோடு ஒத்திவைத்து' அப்பணியில் நீடிக்க வேண்டுகிறது. பதினான்கு பேரும் கை தட்டினார்கள். ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

கௌரவப் பத்திரம் கண்ணாடிச் சட்டம் போட்டு வந்தது. ஒத்திவைப்புப் பத்திரம் சட்டம் போடாமல், கீழே கையெழுத்துக்குக் கோடு போட்டு வந்தது. இந்தப் பதினோரு ஆண்டில் வெர்னாவைச் சேர்ந்த எந்தத் தாளிலும் அம்மாவின் கையெழுத்தைத்தான் வாங்குவார்கள். இந்தத் தாளில் மட்டும் வெர்னாவே போட வேண்டும் என்றார்கள். தன் விஷயத்தில் தானே முடிவெடுக்கும் ஆற்றல் அவளுக்கு உண்டு என்பதைக் குழு அன்று காலைதான் ஒருமனதாகக் கண்டுபிடித்திருந்தது. அதனால் ஆர்லிஸை வெளியே காரிலேயே இருக்கும்படி கேட்டுக்கொண்டார்கள்.

"அவசரமே இல்ல வெர்னா" என்றார் கர்ட். "நல்லா நிதானமா யோசிங்க. பதினொண்ணுக்கு எனக்கு இன்னொரு கூட்டம் இருக்கு."

வெர்னா தாளைப் பார்த்தாள். எழுத்துகளை மெதுவாகத்தான் படிப்பாள், ஆனால் விடாமல் படிப்பாள். படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதுல கையெழுத்துப் போட்டா எனக்கு அடுத்த வீடு எப்ப வரும்?"

"இரண்டாவது திட்டத்துல."

"அதுல எத்தனை வீடு இருக்கு?"

கர்ட் தடித்த கோப்பைத் திறந்தார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். பக்கத்தில் இருந்தவரும் எட்டிப் பார்த்து உதவினார்.

"எண்ணிக்கைன்னு இதுல போடலம்மா" என்றார் கடைசியில். "எண்ணிக்கையை எப்படி முடிவு பண்றதுங்கறதுதான் திட்டம்."

லீலண்டு கேட்பதும் இதைப் போன்ற கேள்வியாகத்தான் இருக்கும் என்று வெர்னாவுக்குத் தோன்றியது. மேசையைச் சுற்றி இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் தெரிந்த முகங்கள். பிறந்தநாளுக்கு அட்டை அனுப்புகிறவர்கள். இன்று சாயங்காலம் இவர்கள் அத்தனை பேரும் வீட்டுக்குப் போவார்கள். ஒருவர் நாய்க்குச் சோறு வைப்பார், ஒருத்தி பாதி முடித்த சூப்பைச் சுடவைப்பாள். இவ்வளவு காலமும் இவர்களும் தன்னோடு சேர்ந்து காத்திருக்கிறார்கள் என்று அவள் நம்பியிருந்தாள். இந்த அறையில் காத்திருப்பது தான் ஒருத்திதான் என்பது இப்போது புரிந்தது. புரிந்ததும் அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கணக்குப் பாடத்தில் எப்போதோ ஒருமுறை விடை சரியாக வந்தபோது இருந்ததே, அந்த மாதிரி இருந்தது.

அவள் தாளை இரண்டு கையாலும் மேசையின் மேல் மெல்லத் தள்ளினாள்.

"வேணாம்" என்றாள். "நான் போடல."

கிரெட்சன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உன்ன மட்டும் நெனச்சுக்காத கண்ணு. அந்த அறுபத்திரண்டு பேரை நெனச்சுப் பாரு. நீ எழுந்து போயிட்டா வீடில்லாதவங்க நாற்காலியில இங்க யாரு உக்காருவா?"

வெர்னா அந்த அறுபத்திரண்டு பேரையும் உண்மையாகவே நினைத்துப் பார்த்தாள். அதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு, யாரையும் புண்படுத்தாத தன் வழக்கமான குரலில் சொன்னாள்:

"அவங்களுக்கும் வீடு குடுத்துட்டா அந்த நாற்காலி வேண்டாமே."

பதினோரு ஆண்டுகளில் அந்தக் குழுவின் முன்னால் வைக்கப்பட்ட முதல் வீட்டுத் திட்டம் அதுதான். கர்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யாரும் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. கிரெட்சன் பேனாவின் மூடியைக் கழற்றி அவள் விரல்களுக்கு நடுவில் வைத்தாள். வெர்னா அதை வாங்கி, மூடியைப் போட்டு, தாளின் மேல் வைத்துவிட்டு, அம்மா காரில் காத்திருக்கிறாள் என்று சொல்லி எழுந்தாள்.