நாற்காலி காலி, தேவைப்படுவோர் அணுகவும்

அன்பும் அறிவும் நிறைந்த, ஆனால் இரண்டில் எதையும் அக்காவுக்காகச் செலவழிக்காத என் அருமைத் தம்பிக்கு,

உன் அக்கா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அத்தானும் அவருடைய முட்டிவலியும் சௌக்கியம். அவ்விடம் நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்படி இருக்கும் பட்சத்தில், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது உன் சௌக்கியம் மட்டும் கொஞ்சம் குறைய வேண்டும் என்பது என் விருப்பம். ஏனென்றால் நடந்த எல்லாவற்றுக்கும் மூலகாரணம் நீ. போன முறை வந்திருந்தபோது சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, "என்னக்கா, இந்தக் காலத்துல போய் நோட்டீஸ் ஒட்டிக்கிட்டு இருக்கீங்க? முகநூல்ல ஒரு பக்கம் திறங்க, ஊரே வரும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனாய். ஊர் வந்தது தம்பி. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் இரவல் சங்கம் உனக்குத் தெரிந்ததுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறவர்களுக்குச் சக்கர நாற்காலி, ஊன்றுகோல், மடக்குக் கட்டில் எல்லாம் காசில்லாமல் கொடுத்து, குணமானதும் திரும்ப வாங்கி வைப்போம். உன் அத்தான் முட்டி ஆபரேஷன் முடிந்து வந்தபோது, பாத்ரூம் போக சாப்பாட்டு நாற்காலியைத் தரதரவென்று தள்ளிக்கொண்டு போனாரே, அந்தச் சத்தம் காதை விட்டுப் போகாததால்தான் நான் இதில் சேர்ந்தேன். கொடுப்பதற்கு எங்களிடம் எல்லாம் இருந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை, ஏனென்றால் அப்படி ஒரு சங்கம் இருப்பதே யாருக்கும் தெரியாது. துணிக்கடைக்குப் பின்னால் உள்ள அறையில் சாமான் எல்லாம் தூசி படிந்து கிடந்தது. நீ போன சூட்டோடு அந்தக் கடைக்காரர் வந்து நின்றார். "அம்மா, ரூமை நானாத்தான் வாடகை இல்லாம குடுத்தேன், இல்லேன்னு சொல்லல. ஆனா யாருமே தொடாத சாமானுக்கு எதுக்கு ரூம்? ஆளுங்க வந்து வாங்கிட்டுப் போறதைக் கண்ணுல காட்டுங்க. இல்லேன்னா என் துணி மூட்டையைக் கொண்டுவந்து இறக்கிடுவேன்" என்றார்.

உடனே கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்ற தலைவர், பொருளாளரான தையல்காரம்மா, பல் டாக்டர், அப்புறம் காரியதரிசியான நான். நீ சொன்னதை நான்தான் வாய் தவறிச் சொல்லித் தொலைத்தேன். "நல்ல யோசனை, யாரு பண்றது?" என்று தலைவர் கேட்டதும் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். "நீங்கதானேம்மா ஸ்டேஷன்ல மைக்ல பேசினவங்க" என்றார் தையல்காரம்மா. அது உண்மைதான். ஆனால் என் சர்வீஸ் முழுக்க வண்டி தாமதம், பிளாட்பாரம் மாற்றம் என்று சொல்லிவிட்டு மைக்கை அணைத்தால் என் வேலை முடிந்தது. ஒரு பயணியாவது என் அறைக்கு ஏறிவந்து, "சூப்பர் மேடம்" என்றோ "உனக்கு வேற வேலை இல்லையா" என்றோ சொன்னது கிடையாது. திருப்பிப் பேசுகிற ஜனங்களை நான் பார்த்ததே இப்போதுதான்.

பக்கம் திறக்கும்போதே சனி பிடித்துவிட்டது. நீங்கள் என்ன வகை அமைப்பு என்று கேட்டது. 'இரவல்' என்று தட்டினேன், அப்படி ஒரு வகையே இல்லையாம். சரி என்று கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் விரல் எங்கேயோ பட்டு 'நகைச்சுவைக் கலைஞர்' என்று பதிந்துவிட்டது. மாற்றத் தெரியவில்லை. அப்புறம் படம் வேண்டுமே, வெறும் நாற்காலியைப் போட்டால் யார் பார்ப்பார்கள் என்று தலைவரையே சக்கர நாற்காலியில் உட்காரவைத்து எடுத்தேன். பாவம், வெள்ளைச் சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஆனால் ஃபிளாஷ் அடித்த வேகத்தில் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். பரவாயில்லை, சாந்தமாகத்தானே இருக்கிறது என்று அதையே போட்டு, கீழே, "இவர் நம் சங்கத்தின் அன்புத் தலைவர். என்றும் நம் நினைவில் இருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு, அது என்னவென்றால் சக்கர நாற்காலி நம்மிடம் இரவல் கிடைக்கும்" என்று எழுதினேன். என்ன குறை சொல், நல்ல தமிழ்தானே? ஆனா அந்தப் பாழாப்போன பக்கம் முழுசையும் காட்டாதாமே! "அன்புத் தலைவர். என்றும் நம் நினைவில்" என்பதோடு வெட்டி, மூன்று புள்ளி வைத்து, மிச்சத்தை உள்ளே ஒளித்துவிட்டது.

அவ்வளவுதான். ஒருத்தர் கும்பிடுகிற கை போட்டார், பின்னாலேயே வரிசையாக எல்லோரும் கும்பிட்டார்கள். "ஆழ்ந்த இரங்கல்", "நேத்துக்கூட கடையில பார்த்தேனே, நம்பவே முடியல", "எப்போ எடுக்கறாங்க?" என்று வந்துகொண்டே இருந்தது. மகள் வீட்டுக்குப் போயிருந்த அவர் மனைவி இதைப் பார்த்துவிட்டு போன் போட்டிருக்கிறார். மனுஷர் குளித்துக்கொண்டிருந்தார், எடுக்கவில்லை. அந்த அம்மா கிடைத்த பஸ்ஸைப் பிடித்து, வழியெல்லாம் அழுதுகொண்டு வந்து கதவைத் தட்டினால், இவர் துண்டோடு வந்து கதவைத் திறந்து, "என்ன, அதுக்குள்ள வந்துட்டே?" என்று கேட்டிருக்கிறார். "உயிரோட இருக்கிறவருக்கு போனை எடுக்கறதுக்கு என்ன கேடு?" என்று அந்த அம்மா போட்ட சத்தத்தில், மாலையோடு வந்துகொண்டிருந்தவர்கள் படியிலேயே நின்றுவிட்டார்களாம். நான் மன்னிப்புக் கேட்க ஓடினேன். தலைவர் என்னடாவென்றால் போனைக் கையில் வைத்து ரசித்துப் படித்துக்கொண்டிருக்கிறார். "எவ்வளவு நல்லா எழுதியிருக்காங்க பாருங்கம்மா, இதை அழிச்சிடாதீங்க" என்றார். கொஞ்ச நேரம் போனதும் முகம் சுருங்கியது. "பல் டாக்டர் மட்டும் ஒண்ணுமே எழுதலையே. நான் போனா ஒரு கை கூப்பக்கூட அவருக்கு நேரமில்லையா?"

இதைச் சரிசெய்ய வேண்டாமா? மறுபடி ஒன்று எழுதினேன். இந்தத் தடவை வெட்டுவதற்கு இடம் கொடுக்கக் கூடாதென்று மைக்கில் சொல்கிற மாதிரியே சுருக்கமாக, "தலைவர் நலம். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி இப்போது காலி. தேவைப்படுவோர் உடனே அணுகவும்" என்று போட்டேன். நீ சிரிக்கிறாய், எனக்குத் தெரிகிறது. எனக்கு அப்போது தெரியவில்லையே! ஆளாளுக்குத் தலைவர் பதவிக்கு விண்ணப்பம் போட்டார்கள். ஒருத்தர் படிப்பு, அனுபவம், ரத்த வகை எல்லாம் எழுதியிருந்தார். பல் டாக்டர் எனக்கு மட்டும் போன் பண்ணி, "எனக்கு விருப்பம்தான் மேடம், ஆனா நானா கேட்டதா இருக்கக்கூடாது" என்றார். தலைவர் காதுக்கு அது போகாமல் இருக்குமா? "முதல்ல என்னைக் கொன்னீங்க, இப்ப நாற்காலியையும் ஏலம் போடறீங்களா?" என்று அவசரக் கூட்டம் கூட்டினார்.

சண்டையோடு சண்டையாக ஒரு உருப்படியான காரியமும் நடக்கட்டும் என்று, மடக்குக் கட்டிலை எப்படிப் பிரிப்பது என்பதை வீடியோ எடுக்க போனை ஊன்றுகோல்களுக்கு நடுவில் சொருகிவைத்துப் பொத்தானை அமுக்கினேன். அது நேரலைப் பொத்தான் என்று எனக்கு யார் சொன்னா? உள்ளே தலைவர் கத்துகிறார், தையல்காரம்மா இரண்டு பேரையும் அடக்குகிறார், பல் டாக்டர், "எனக்குப் பதவி ஆசையே கிடையாது!" என்று சொல்லிவிட்டுத் தொப்பென்று கட்டிலில் உட்கார்ந்தார். கொக்கி மாட்டாத கட்டில், தம்பி. மனுஷரை நடுவில் வைத்து அப்படியே மூடிக்கொண்டது. இரண்டு கால் மட்டும் மேலே. உள்ளிருந்து, "முதல்ல என்னைப் பிரிங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்று குரல் வருகிறது. தலைவருக்குள்ளே இருந்த இன்ஜினியர் முழித்துக்கொண்டார். கோபத்தையெல்லாம் மறந்து கட்டிலைப் பிரித்து, "பார்த்தீங்களா, இந்தக் கொக்கியை முதல்ல மாட்டணும். மாட்டலேன்னா என்ன ஆகும்னா..." என்று விளக்கப் போய் டாக்டரை இன்னொரு தடவை மூடிவிட்டார். அந்த நேரம் பார்த்து தையல்காரம்மா போன் அடித்தது. நான் வாங்கிப் பேசினால் உன் அத்தான்! "நீங்க எல்லாரும் என் போன்ல தெரியறீங்க. டாக்டரைக் கொஞ்சம் திருப்பினா முகம் தெரியும்னு ஜனங்க கீழே எழுதறாங்க, சொல்லிடு" என்கிறார்.

மானம் போயிற்று என்று வீட்டில் வந்து படுத்துவிட்டேன். காலையில் போன் நிற்கவில்லை. முதல் அழைப்பை, சிரிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தேன். ஒரு பெண், "அந்தக் கட்டிலை நிஜமாவே சும்மா குடுப்பீங்களா? அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன். கொக்கி மாட்டக் கத்துக்கிட்டேன்" என்றாள். அப்புறம் வாக்கர், ஊன்றுகோல் எல்லாம் மளமளவென்று போயிற்று. குழாய் வேலை செய்கிறவர் ஒருத்தர் வந்து சக்கர நாற்காலியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்கிப்போனார். அவர் மனைவி விழுந்ததிலிருந்து வாசலைக்கூடப் பார்க்கவில்லையாம். சாயங்காலம் ஒரு படம் அனுப்பினார். அந்தப் பெண் தெருமுனையில் நாற்காலியில் உட்கார்ந்து, வெயில் கண்ணில் குத்த முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்கிறாள். கீழே ஒன்றும் எழுதவில்லை. போனை உன் அத்தானிடம் நீட்டினேன், அவர் படத்தைப் பெரிதாக்கி அந்த முகத்தைப் பார்த்தார்.

இந்த அழகில் கடைக்காரர் வந்தார். அறை துடைத்துவைத்த மாதிரி இருக்கிறது. "பரவாயில்லையே, காலியாத்தானே கிடக்கு, அப்போ குடுத்துடுங்க" என்றார்! எனக்கு வந்த கோபத்தில், வீட்டில் சும்மா கிடக்கிற ஆஸ்பத்திரிச் சாமான் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று எழுதிப்போட்டேன். அவர் பூட்டோடு வந்த அன்றைக்குக் கதவைச் சாத்தவே முடியவில்லை, கட்டில் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பூட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "சரி, மாடிப்படிக்குக் கீழேயும் வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுபமாக முடிந்ததே, அப்புறம் என்ன அழுகை என்கிறாயா? எனக்குத்தாண்டா நிம்மதி போச்சு. விடிந்தால் ஊரிலுள்ள பூவெல்லாம் காலை வணக்கமாக வருகிறது. ஒருத்தி பிரஷர் குக்கர் கேட்கிறாள். ஒருத்தர் பெண்ணுக்கு வரன் கேட்கிறார். ஒரு மகராசி மாமியாரை இரண்டு வாரம் இரவல் எடுத்துக்கொள்வீர்களா என்கிறாள். ஏதோ ஒரு ஆபீஸிலிருந்து ஆண்டு விழாவுக்கு அந்தக் கட்டில் காமெடியைப் போட வருவீர்களா என்று கேட்க, பல் டாக்டர் என்னிடம், "தேதி என்னன்னு கேட்டீங்களா?" என்கிறார். உன் அத்தான் சாப்பிட்டாரா என்று கேட்கக்கூட எனக்கு நேரமில்லை. ஆகவே ராஜினாமா எழுதித் தலைவர் கையில் கொடுத்துவிட்டேன். என் முடிவில் மாற்றமே கிடையாது. இந்தப் பக்கத்தை எப்படி மூடுவது என்று எனக்குப் புரிகிற மாதிரி உடனே எழுது. திறக்கச் சொன்னவன் நீ, மூடுவதும் உன் பொறுப்பு.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தங்கள், உனக்கு ஒரு குட்டு. எல்லோரும் நோய்நொடி இல்லாமல், எங்கள் சங்கத்தின் தயவு தேவைப்படாமல், நீண்ட காலம் நன்றாக வாழ ஆசீர்வதிக்கும்,

உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஒரு பையன் போன் பண்ணினான். அப்பாவுக்குப் பக்கவாதமாம், உட்கார்ந்து குளிக்க ஒரு நாற்காலி வேண்டுமாம். எங்களிடம் இல்லை. சரி, கடைசியாக ஒரு தடவை என்று முகநூல் பக்கத்தில் எழுதிக் கேட்டுவைத்தேன். நான் டீ போட்டு இறக்குவதற்குள் வாசலில் ஒரு பெண், ஆட்டோவில் நாற்காலியோடு. "எங்கப்பாவோடது. அவர் இப்ப இல்லை. தூக்கிப் போட மனசு வரல, யாராவது கேட்க மாட்டாங்களான்னு இருந்தேன்" என்றாள். அதனால் நான் மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாதே. பக்கத்தை மூடுகிற வழியை எழுதாதே, நானே கெஞ்சிக் கேட்டாலும் சொல்லாதே. ராஜினாமாவைத் திரும்ப வாங்க ஓடினேன். தலைவர் இன்னும் படிக்கவே இல்லையாம். "தாள்ல எழுதிக் குடுத்தா இப்ப யாரும்மா படிக்கிறா? எதுவானாலும் நம்ம பக்கத்துல போடுங்க" என்றார்.