எதில் தவறினார்?

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கு எல்லோரும் நலம். காலையில் உங்கள் நலத்துக்கும் சேர்த்தே வேண்டிக்கொண்டேன். இதை எழுதும்போது கூடத்தில் இருப்பவர்கள்: நான், சாய்வு நாற்காலியில் உங்கள் அப்பா, செய்தித்தாளுக்குப் பின்னால் உங்கள் அண்ணன். மாமா வரிக்கு வரி வாசிக்கச் சொல்லிக் கேட்பதால் அவரைப் பற்றிய குறைகளை எழுத முடியவில்லை. உங்களைப் பற்றியவை மட்டும்.

"வம்சாவளி அச்சுக்குப் போகுது, பெரியப்பா இறந்த தேதிதான் பாக்கி, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க அண்ணி" என்று தொலைபேசியில் சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். பதினேழு வயதில் தவறிப்போன தன் அண்ணனுக்காக எந்த நாளில் வேண்டிக்கொள்வது என்று தெரியாமலே மாமாவுக்கு எண்பத்திரண்டு ஆகிவிட்டது. "நான் கண்ணை மூடறதுக்குள்ள அந்தத் தேதி தெரிஞ்சா போதும்மா" என்று அவர் கேட்டதால்தான் கிளம்பினேன், உங்கள் அச்சுக்காக அல்ல.

வாடகைக் கார்க்காரரிடம் ஆவணக் காப்பகம் என்று முழுதாகச் சொல்லியிருக்க வேண்டும். மூச்சு வாங்கியதில் முன்பாதியை விழுங்கி, "காப்பகத்துக்குப் போப்பா" என்றேன். மாமா, உங்கள் அண்ணன், நான் என்று மூன்று பேரையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, அந்தப் புண்ணியவான் முதியோர் காப்பகத்தில் கொண்டுபோய் இறக்கினார். வாசலில் ஒரு பெண் மாமாவின் கையைப் பிடித்து, "வாங்கப்பா, ஜன்னலோரக் கட்டில் காலியா இருக்கு" என்று உபசரிக்க, மாமா என்னைத் திரும்பிப் பார்த்தாரே ஒரு பார்வை! "பெத்த பிள்ளையும் இதுக்குக் கூட்டா?" என்றார். அதற்கு உங்கள் அண்ணன், "மெத்தை நல்லா இருக்கான்னு பாருங்கப்பா" என்கிறார். வேடிக்கையாம். அதன்பிறகு மாமா என்னோடு எங்கேயும் வருவதில்லை.

மறுநாள் தனியாக, சரியான காப்பகத்துக்கே போனேன். பேனா கூடாது, பென்சில்தான்; பை கூடாது, பைக்குள் இருந்த பிரார்த்தனைப் புத்தகமும் கூடாது. "தும்மல் வந்தா அந்தப் பக்கம் திரும்பித் தும்முங்கம்மா, இந்தத் தாளெல்லாம் பறந்துடும்" என்றார் குமாஸ்தா. நாளெல்லாம் பக்கங்களையும் தும்மலையும் மாறி மாறித் திருப்பினேன். பள்ளிக்கூடம் பார்க்காதவள் என்றாலும் வீட்டுக் கணக்கு எழுதிப் பழகியவள் நான். பெரியப்பா பிறப்புப் பதிவேட்டில் வரவாகியிருக்கிறார், இறப்புப் பதிவேட்டில் செலவாகவில்லை. அப்படியென்றால் கையிருப்பில் இருக்க வேண்டுமே, எங்கே?

பழைய செய்தித்தாளில் இரங்கல் செய்தியாவது வந்திருக்குமோ என்று நூலகத்துக்குப் போனேன். பழைய பரீட்சை முடிவு கேட்டு வருகிறவர்களுக்கு விடிந்ததிலிருந்து பதில் சொல்லிக் களைத்துப்போன பெண் அங்கே இருந்தார். பெரியப்பாவின் பெயர், வயது, வருடம் எல்லாம் சொல்லி, "தவறிட்டாரும்மா" என்றேன்.

"எதுல?" என்றார், தலை நிமிராமல்.

"எதுலன்னா?"

"கணக்கா, அறிவியலா? எதுல தவறினார்?"

நேரே வீட்டுக்கு வந்து மாமாவின் எதிரில் உட்கார்ந்தேன்.

"மாமா, அவர் தவறிட்டார்னு யார் சொன்னது?"

"எங்கப்பாதான். வாசல்லயே நின்னு 'தவறிட்டான்'னார். அம்மா ஓன்னு அழுதாங்க. அதோட அண்ணன் வீட்டுல இல்ல. அவன் பேரை எடுத்தாலே அப்பா எழுந்து போயிடுவார்."

"எதுல தவறினார்னு கேட்டீங்களா?"

"அஞ்சு வயசும்மா எனக்கு! அழுகிற வீட்டுல யாராவது 'எதுல'ன்னு கேப்பாங்களா?"

சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு மெல்ல, "கணக்குலதான் இருக்கும். அவனுக்குக் கணக்கே வராது" என்றார்.

ஆகையால் தம்பி, அந்த இடத்தைக் காலியாகவே விட்டு அச்சடித்துவிடுங்கள். இதற்கு மேல் தேட எனக்கு முழங்கால் இல்லை. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஆண்டவன் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
அண்ணி

பின்குறிப்பு: மேலே எழுதியதெல்லாம் தள்ளுபடி. அச்சை நிறுத்துங்கள். உறையை ஒட்டும்போது நூலகத்துப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டார். அடுத்த வருடத் தேர்ச்சிப் பட்டியலில் அதே பெயர், அதே இனிஷியல், தேர்வு எழுதியது நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊரில். இத்தனை வருடம் அண்ணனின் ஆத்மாவுக்காக வேண்டிக்கொண்ட மாமா, "பாஸாயிட்டானா? அப்புறம் ஏன் வீட்டுக்கு வரல?" என்று கோபித்துக்கொண்டு சாப்பிட மறுக்கிறார். பெரியப்பாவுக்குப் பிள்ளைகள், பேரன்கள் யாராவது அங்கே இருப்பார்கள். இந்தத் தடவை அந்த ஊர்க் காப்பகத்துக்கு நீங்கள் ஒரு எட்டு போய்ப் பாருங்கள். பென்சில் மறக்க வேண்டாம். கார்க்காரரிடம் முழுப் பெயரையும் சொல்லுங்கள். மாமா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் காத்திருக்கிறார், சீக்கிரம் பதில் போடவும்.