ஒன்பது தேக்சாவும் ஒரே வீட்டுக்குப் போன விவரம்

அன்புள்ள மச்சான் முகமது ரியாஸ் அவர்களுக்கு, கோவையிலிருந்து மைதீன் பிச்சை எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் உங்கள் தங்கை சாஜிதா, மகள் ஹிபா, நான் மூவரும் சுகம். கடையும் சுகம், கடைக்குள் பாத்திரம்தான் இல்லை.

போனில் சொன்னால் கத்துவீர்கள் என்று வண்டிக்கார ராமுலு கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் ரிஃபத் நிக்காஹுக்குப் பிரியாணி ஆக்குகிற பெரிய பாத்திரம், தேக்சா, என் பொறுப்பு என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னேன் அல்லவா, அந்த நெஞ்சு இப்போது படபடக்கிறது. பீளமேட்டில் கம்ப்யூட்டர் படிக்கிற ஹிபா, செவுத்துல சாக்பீஸ்ல எழுதினது போதும் அத்தா என்று சொல்லி, நம் வாடகைப் பாத்திரக் கடைக்குப் பி.எச்.பி. என்கிற பாஷையில் ஒரு பக்கம் செய்து தந்தாள். ஆர்டர் வந்தால் அது தேக்சாக்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, சும்மா இருப்பதை அந்த வீட்டுக்கு எழுதி, ராமுலு போனுக்குச் சொல்லும். முதல் ஆர்டர் சூலூர் நஞ்சப்பன், அதே ஞாயிற்றுக்கிழமை பேத்தி காதுகுத்துக்கு ஒரே ஒரு தேக்சா. ஒன்று கிடைத்ததும் நில் என்று எழுத ஹிபா மறந்துவிட்டாளாம். அது பாட்டுக்கு அடுத்தது, அடுத்தது என்று போய் ஒன்பதையும் அவருக்கே எழுதிவிட்டது. "ஏனுங்க பாய், காதுகுத்துக்கு ஒம்பதுங்களா?" என்று ராமுலு கேட்கத்தான் கேட்டான். கம்ப்யூட்டரைவிட உனக்குத் தெரியுமா, ஏத்து என்று அதட்டியது எட்டாவது படித்த இந்த அறிவாளி.

ஹிபா அழுதுகொண்டே சரிசெய்தாள். பிரேக் என்று ஒரு வார்த்தை எழுதினால் சுற்று நின்றுவிடுமாம். ஆனால் வீடு வீடாகப் போவது ஒரு சுற்று, ஒவ்வொரு வீட்டுக்கும் தேக்சா தேடுவது அதற்குள்ளே இன்னொரு சுற்று. அவசரத்தில் பிரேக்குக்குப் பக்கத்தில் 2 போட்டுவிட்டாள், இரண்டு சுற்றும் சேர்ந்து நின்றுபோயின. நஞ்சப்பனுக்கு ஒன்று கொடுத்ததோடு சரி, உங்கள் பெயரை அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 2-ஐ எடுத்தாள், அவருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று வந்தது. எனக்கு விளங்கியது இவ்வளவுதான் மச்சான்: நிற்காவிட்டாலும் உங்களுக்கு இல்லை, அதிகமாக நின்றாலும் உங்களுக்கு இல்லை, இப்போது சரியாக நிற்கிறது, தேக்சா சூலூரில் இருக்கிறது.

திருப்பி வாங்கிவர நானே சூலூர் போனேன். நஞ்சப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணு கேட்டதுக்கு ஒம்பது அனுப்பியிருக்கீங்க. இந்தப் பாசத்தைத் திருப்பி அனுப்புனா உங்க மனசு சங்கடப்படுமுங்கன்னு, ஒம்பதுக்கும் ஆகறாப்புல சனத்தைக் கூப்பிட்டுப்போட்டேனுங்க" என்றார். அவர் சம்சாரம் பொன்னாத்தாள் காப்பி கொடுத்தார், குடித்தேன். தேக்சா என்று வாயெடுத்தேன், முறுக்கு வந்தது, தின்றேன். மறுபடி வாயெடுத்தேன், மறுபடி காப்பி. கடைசியில் என் வாயில் வந்தது, "கரண்டி பத்துமுங்களா?" என்பதுதான். இருந்த கரண்டிகளையும் அனுப்பிவிட்டேன்.

ஆகவே தயவுசெய்து உங்கள் ஊர் சத்தியமங்கலத்திலேயே தேக்சா பார்த்துக்கொள்ளுங்கள். சபையில் முகம் காட்டக் கூச்சமாயிருக்கிறது, நிக்காஹுக்கு நான் வரவில்லை, சாஜிதா வருவாள். ஹிபாவை ஒன்றும் சொல்லாதீர்கள். அவள் மறந்தது ஒரு வரி, ஒன்பதையும் ஏற்றச் சொன்னது நான். ரிஃபத்துக்கு என் துஆ எப்போதும் உண்டு. வீட்டில் எல்லாருக்கும் சலாம்.

இப்படிக்கு,
தலைகுனிந்த மச்சான்,
மைதீன் பிச்சை

பி.கு.: கவரை ஒட்டும்போது ஹிபா வந்தாள். நஞ்சப்பனுக்கு அவளே போன் போட்டு, "ஐயா, தப்பா அனுப்பிட்டோமுங்க, ஒண்ணு வெச்சுக்கிட்டு மீதியைக் குடுங்க, மாமா ஊட்டு நிக்காஹுக்கு வேணும்" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொண்டாளாம். அதை முன்னாடியே சொல்லக் கூடாதா கண்ணு என்று அவர் கேட்டு, எட்டையும் நேராக உங்கள் வீட்டுக்கே லாரியில் ஏற்றிவிட்டார். தேக்சா தேட வேண்டாம், நானும் வருகிறேன். ஒரே ஒரு சங்கதி. கூப்பிட்டவர்களை வராதீர்கள் என்று சொல்ல நஞ்சப்பனுக்கு வாய் வரவில்லையாம். ஒரு தேக்சாவுக்கு ஆகிற ஆளை மட்டும் தன்னோடு வைத்துக்கொண்டு, மற்றவர்களைத் தேக்சா போகிற இடத்துக்கே போய்ச் சாப்பிடச் சொல்லிவிட்டார். பஸ் பேசியாகிவிட்டது. அரிசியைக் கொஞ்சம் தாராளமாக ஊற வையுங்கள்.